குழுச் சுற்றுலாவில் ரயில் பாஸும் தனிச் சீட்டும் (ஜப்பான்)

ஜப்பான் ரயில் பாஸ் என்பது, ஜப்பானுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவாக வரும் வெளிநாட்டினர் ஜேஆர் குழும நிறுவனங்களின் ரயில்களில் 7, 14 அல்லது 21 நாள்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்க உதவும் ஒரே சீட்டாகும். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே பணம் கட்டி வாங்குவது தனிச் சீட்டு. இவ்விரண்டில் எது மலிவு என்பதற்கு ஒரே விடை இல்லை. செல்லும் ஊர்கள், தங்கும் நாள்கள், எந்த விமான நிலையத்தில் இறங்கி எதில் ஏறுவது என்பவற்றைப் பொறுத்து விடை மாறும். தனியொருவர் தவறாகத் தெரிவு செய்தால் சில ஆயிரம் யென் வீணாகும். ஆறு பேர் கொண்ட குடும்பத்தில் அதே தவறு ஆறு மடங்காகும்.

இக்கட்டுரையில் உள்ள பாஸ் விலைகள் 2023 அக்டோபர் 1 மாற்றத்தின்போது நடைமுறைக்கு வந்தவை. தனிச் சீட்டுக் கட்டணங்கள் கணக்கு எளிதாக இருக்கும்படி முழு எண்களாக்கப்பட்டவை. கட்டணங்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், வாங்கும் நாளில் உள்ள விலையைப் போட்டுக் கணக்கை மறுபடி செய்துகொள்ள வேண்டும். கணக்குப் போடும் முறை மாறாது.

பின்னணி

இந்தப் பாஸ் 1981இல், ஜப்பானிய தேசிய ரயில்வே அரசு நிறுவனமாக இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. 1987 ஏப்ரல் 1 அன்று அந்த நிறுவனம் பிரிக்கப்பட்டு, ஆறு பயணிகள் நிறுவனங்களும் ஒரு சரக்கு நிறுவனமும் உருவாயின. ஹொக்கைடோ, கிழக்கு, மத்திய, மேற்கு, ஷிகோக்கு, கியூஷு ஆகியவை அந்த ஆறு. ஜேஆர் என்பது இவற்றின் பொதுப்பெயர். நாடு முழுவதற்குமான பாஸ் ஆறிலும் செல்லும். ஒரு வட்டாரத்துக்கு மட்டுமான பாஸ், அதை வெளியிட்ட நிறுவனத்தின் எல்லையோடு பெரும்பாலும் நின்றுவிடும். வரைபடத்தில் ஒரே தடமாகத் தெரியும் பாதையில் நடுவே நிறுவனம் மாறுவதுண்டு. இதை அறியாதவர்கள் வாயிலில் கூடுதல் பணம் கட்ட நேர்கிறது.

2023 அக்டோபர் வரை 7 நாள் சாதாரண வகுப்புப் பாஸின் விலை 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோத்தோ சென்று திரும்பினாலே ஏறக்குறைய அந்தத் தொகை ஆகிவிடும் என்பதால், கணக்குப் பார்க்காமல் பாஸ் வாங்குவதே அக்காலத்து வழக்கம். பிறகு விலை 50,000 யென்னாக உயர்ந்தது. 14 நாள் பாஸ் 47,250இலிருந்து 80,000 ஆகவும், 21 நாள் பாஸ் 60,450இலிருந்து 1,00,000 ஆகவும் கூடின. முன்பு சென்றுவந்தவர்கள் தரும் அறிவுரையும் பழைய பயண நூல்களும் இந்த இடத்தில்தான் வழி தவறச் செய்கின்றன. சொல்பவர் சொன்ன காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. இன்று அதை அப்படியே பின்பற்றினால் நட்டம்.

பாஸில் அடங்குவன, அடங்காதன

ஷிங்கான்சென் எனப்படும் அதிவேக ரயில்கள், ஜேஆர் விரைவு ரயில்கள், நகரங்களுக்குள் ஓடும் ஜேஆர் ரயில்கள், நரிதா விமான நிலைய விரைவு ரயில், டோக்கியோ மோனோ ரயில், ஹிரோஷிமாவுக்கு அருகில் மியாஜிமா தீவுக்குச் செல்லும் ஜேஆர் படகு ஆகியவை பாஸில் அடங்கும். மியாஜிமா தீவுக்கு வருவோரிடம் 2023 அக்டோபர் முதல் வாங்கப்படும் 100 யென் வரியைத் தனியே கட்ட வேண்டும். சுரங்க ரயில்களும் தனியார் ரயில் நிறுவனங்களின் தடங்களும் பாஸில் அடங்கா. டோக்கியோவிலும் ஒசாகாவிலும் சுற்றுலாவினர் ஒரு நாளில் ஏறும் வண்டிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ஆகவே நகரத்துக்குள் சுற்றும் நாள்களில் பாஸ் பெரும்பாலும் சட்டைப்பையில் தூங்கும்.

டோக்கியோ, ஒசாகா, ஹிரோஷிமா, ஹக்காத்தா தடத்தில் மிக விரைவாகச் செல்பவை நொசோமி, மிசுஹோ என்னும் வண்டிகள். பாஸ் வைத்திருப்பவர் இவற்றில் ஏற ஒவ்வொரு முறையும் கூடுதல் சீட்டு வாங்க வேண்டும். டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு 4,960 யென், ஹிரோஷிமாவுக்கு 6,500 யென். கூடுதல் பணம் வேண்டாம் என்றால் ஹிகாரி, கொடாமா, சகுரா வண்டிகளில் செல்லலாம். டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு நொசோமியில் சுமார் 2 மணி 15 நிமிடமும் ஹிகாரியில் சுமார் 2 மணி 40 நிமிடமும் ஆகும். இந்த 25 நிமிடம் பொருட்டல்ல. பொருட்டானது வண்டிகளின் எண்ணிக்கை. நெரிசல் நேரத்தில் நொசோமி மணிக்குப் பன்னிரண்டு வரை ஓடுகிறது. ஹிகாரி பொதுவாக மணிக்கு இரண்டுதான். அந்த இரண்டில் ஆறு பேருக்கு அடுத்தடுத்த இருக்கைகள் கிடைக்க வேண்டும்.

தனிச் சீட்டின் அமைப்பு

ஷிங்கான்சென் கட்டணம் இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை. தொலைவுக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று. விரைவு ரயிலுக்கும் இருக்கைக்குமான கட்டணம் மற்றொன்று. டோக்கியோ–கியோத்தோவில் முன்னது 8,360 யென். நொசோமியின் முன்பதிவு இருக்கைக்குப் பின்னது, சாதாரணப் பருவத்தில், 5,810 யென். சலுகைகளைப் படிக்கும்போது இந்தப் பிரிவு நினைவில் இருக்க வேண்டும், ஏனெனில் சில சலுகைகள் முதற் பகுதிக்கு மட்டுமே தரப்படுகின்றன.

சிறுவர்களின் கட்டணம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. 6 முதல் 11 வயது வரையுள்ளோருக்குப் பாஸ் பாதி விலை என்பதால், குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குப் பாஸே லாபம் என்று சிலர் கருதுகின்றனர். தனிச் சீட்டும் அவர்களுக்குப் பாதிதான். இரு பக்கமும் பாதியாகும்போது எது மலிவு என்ற விடை மாறாது. முதியோருக்குப் பாஸில் சலுகை விலை எதுவும் இல்லை.

கணக்குகள்

கணவன், மனைவி, அவர்களில் ஒருவரின் பெற்றோர், 10 மற்றும் 8 வயதுள்ள இரு பிள்ளைகள் என ஆறு பேர் செல்வதாகக் கொள்வோம். நான்கு முழுச் சீட்டு, இரண்டு அரைச் சீட்டு. ஆக ஐந்து முழுச் சீட்டுகளுக்குச் சமம். 7 நாள் பாஸ் வாங்கினால் 2,50,000 யென்.

முதலில், மிகப் பலர் செல்லும் பயணத்தைப் பார்க்கலாம். நரிதாவில் இறங்கி, டோக்கியோ சுற்றி, கியோத்தோவில் தங்கி, அங்கிருந்து நாராவுக்கும் ஒசாகாவுக்கும் ஒவ்வொரு நாள் போய்வந்து, டோக்கியோ திரும்பி, நரிதாவில் விமானம் ஏறுவது. கியோத்தோ சென்று திரும்ப ஒருவருக்கு 28,000 யென். நாரா போய்வர 1,400. ஒசாகா போய்வர 1,200. விமான நிலைய ரயில் இரு வழிக்கும் 6,100. மொத்தம் 36,700 யென். ஐந்து முழுச் சீட்டுக்கு 1,83,500. பாஸ் வாங்கியிருந்தால் 66,500 யென் கூடுதலாகச் செலவாகும். பழைய விலையில் இதே பயணத்துக்குப் பாஸ்தான் மலிவு. ஆளுக்கு ஏழாயிரம் யென் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து, ஹிரோஷிமாவையும் சேர்த்தால் கணக்கு நெருங்கிவிடுகிறது. டோக்கியோ–கியோத்தோ 14,000, கியோத்தோ–ஹிரோஷிமா 11,500, ஹிரோஷிமா–டோக்கியோ 19,500. ரயிலும் படகும் சேர்த்து மியாஜிமா போய்வர 1,200, நாராவுக்கு 1,400, விமான நிலையத்துக்கு ஒரு வழி 3,000. கூட்டினால் 50,600. பாஸை விட 600 யென் அதிகம். ஆறு பேருக்கும் சேர்த்துப் பாஸில் 3,000 யென் மிச்சம் என்று தாளில் தெரியும். ஆனால் தனிச் சீட்டுக் கணக்கில் ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோவுக்கு நொசோமியில் சுமார் நான்கு மணி நேரத்தில் ஒரே வண்டியில் வந்துவிடலாம். பாஸில் சகுரா ஏறி, ஷின்-ஒசாகா போன்ற நிலையத்தில் இறங்கி, ஹிகாரிக்கு மாற வேண்டும். நெடுந்தொலைவு வண்டிகள் இரண்டிலும் நொசோமிதான் வேண்டும் என்றால் ஒரு பெரியவருக்கு 11,460 யென் கூடுதல். மூவாயிரம் யென் மிச்சத்துக்காக, முழங்கால் வலி உள்ள பாட்டியையும் பெட்டிகளையும் நடைமேடை மாற்றி நடத்திச் செல்வது தேவையா என்பதைக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும்.

இதே பயணத்துக்கு மூன்றாவது வழி ஒன்றுண்டு. ஜேஆர் மேற்கு நிறுவனத்தின் கான்சாய்–ஹிரோஷிமா வட்டாரப் பாஸ் 5 நாளுக்கு 17,000 யென். கியோத்தோ–ஹிரோஷிமா போய்வரத் தனிச் சீட்டில் ஆகும் 23,000 யென்னை விட இது குறைவு. நாரா, ஒசாகா, மியாஜிமா படகு ஆகியவையும் இதற்குள் வந்துவிடும். ஷின்-ஒசாகாவுக்கு மேற்கே நொசோமியில் ஏறவும் கூடுதல் பணம் வேண்டியதில்லை. டோக்கியோவிலிருந்து வரவும் திரும்பவும் தனிச் சீட்டு 28,000, விமான நிலையத்துக்கு 3,000 சேர்த்தால் 48,000. ஆறு பேருக்கு 2,40,000. நாட்டுப் பாஸை விட 10,000 யென் குறைவு, பயணம் முழுவதும் நொசோமி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கியோத்தோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையிலான ஷிங்கான்சென் தடம் ஜேஆர் மத்திய நிறுவனத்துக்கு உரியது; வட்டாரப் பாஸ் அங்குச் செல்லாது. அந்தச் சிறு தொலைவைச் சாதாரணத் தடத்து விரைவு வண்டியில் அரை மணி நேரத்துக்குள் கடந்து, ஷின்-ஒசாகாவில் ஷிங்கான்சென் ஏற வேண்டும்.

விமானச் சீட்டை இன்னும் வாங்காதவர்களுக்கு இதைவிடப் பெரிய சேமிப்பு உள்ளது. டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்தில் ஏறினால், திரும்பி வரும் 14,000 யென் பயணமே இல்லை. மேற்கண்ட வட்டாரப் பாஸிலேயே கான்சாய் விமான நிலையத்துக்குச் செல்லும் ஹருக்கா ரயிலும் அடங்கும். ஒருவருக்கு 34,000, ஆறு பேருக்கு 1,70,000 யென். அரை நாள் நேரமும் மிஞ்சும். பாஸா தனிச் சீட்டா என்று வாரக்கணக்கில் விவாதிக்கும் குழுக்கள், அதற்கு முன்பே போக வர ஒரே விமான நிலையத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டிருப்பதே பெரும்பாலும் நடக்கிறது.

நாட்டுப் பாஸ் தெளிவாக வெல்லும் பயணமும் உண்டு. இரண்டாவது பயணத்துடன், அதே ஏழு நாளுக்குள் டோக்கியோவிலிருந்து வடக்கே செண்டாய் போய்வருவதையும் சேர்த்தால், தனிச் சீட்டில் மேலும் 22,500 யென் ஆகும். ஒருவருக்கு 73,000 யென்னைத் தாண்டும். ஆறு பேருக்கு ஒரு லட்சம் யென்னுக்கு மேல் மிச்சம். ஆனால் ஏழு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அதிவேக ரயிலிலேயே கழியும். ரயில் பயணமே விருப்பம் என்போருக்கும் இளைஞர் குழுக்களுக்கும் இது பொருந்தும். பாஸ் வாங்கிவிட்டோமே என்பதற்காக ஊர்களைச் சேர்த்துக்கொண்டே போவது, சேமிப்பு என்ற பெயரில் வரும் செலவு.

பத்துப் பன்னிரண்டு நாள் தங்குவோர் 14 நாள் பாஸை எண்ணிப் பார்க்கும் முன், நெடும்பயணங்கள் அனைத்தையும் அடுத்தடுத்த ஏழு நாளுக்குள் அடக்க முடியுமா என்று பார்க்கலாம். டோக்கியோவில் தங்கும் நாள்களை முன்னும் பின்னும் தள்ளிவைத்தால் பெரும்பாலும் முடியும். பாஸின் நாள்கள் தொடர்ச்சியாகவே எண்ணப்படும். இடையில் ஒரு நாள் பயணம் செய்யாவிட்டாலும் அந்த நாள் கழிந்ததே.

குழுவாகச் செல்வதில் உள்ள சிக்கல்கள்

இந்தியாவில் ஒரே சீட்டில் ஆறு பெயர்கள் அச்சாகும். ஜப்பானில் பாஸ் ஆளுக்கொன்று. அதில் பெயர் இருக்கும், கேட்டால் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், பிறருக்குத் தர முடியாது. நகர ரயில்களில் பயன்படும் சுயிக்கா, இக்கோக்கா போன்ற பணம் ஏற்றிய அட்டைகளும் அப்படியே. ஓர் அட்டையைக் காட்டி இரண்டு பேர் வாயிலைக் கடக்க முடியாது.

குழுவில் எல்லோரும் பாஸ் வாங்கத் தகுதியுடையவர்கள்தாமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். குறுகிய காலத் தங்கலுக்கான அனுமதியோடு வருவோருக்கே பாஸ் உண்டு. ஜப்பானில் வேலை பார்க்கும் மகனையோ அங்குப் படிக்கும் மகளையோ காணப் பெற்றோர் செல்கின்றனர் என்றால், பெற்றோர் பாஸ் வாங்கலாம். பிள்ளை வாங்க முடியாது. அப்போது பிள்ளை ஹிகாரிக்குத் தனிச் சீட்டு எடுத்து உடன் செல்ல வேண்டும், அல்லது பெற்றோரும் பாஸை விட்டுவிட வேண்டும். ஒரு பாதி நொசோமியிலும் மறுபாதி ஹிகாரியிலும் சென்று நிலையத்தில் ஒருவரையொருவர் தேடுவது, மொழி தெரியாத ஊரில் விரும்பத்தக்கதன்று.

உடல்நலம் அடுத்த கேள்வி. பயன்படுத்தத் தொடங்கிய பாஸுக்குப் பணம் திரும்ப வராது. மூன்றாம் நாள் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, ஹிரோஷிமா பயணத்தைக் கைவிட நேர்ந்தால், ஆறு பாஸின் பயனும் போகும். தனிச் சீட்டை வண்டி புறப்படும் முன் திருப்பிக் கொடுத்தால், ஒரு கழிவு போகப் பணம் கிடைக்கும். பயண நாள் நெருங்கினால் கழிவு கூடும். சிறு குழந்தைகளோ மிக முதியவர்களோ உள்ள குழுவில், இரு வழிக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றே என்று கணக்குக் காட்டினால், தனிச் சீட்டின் பக்கம் சாய்வதே நல்லது.

இருக்கைகள் ஷிங்கான்சென்னின் சாதாரணப் பெட்டியில் ஒரு வரிசையில் ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் இரண்டுமாக உள்ளன. ஆறு பேர் முன்பின்னாக இரண்டு மூவிருக்கைகளை எடுத்து, முன்னதைத் திருப்பினால் எதிரெதிரே உட்காரலாம். டோக்கியோவிலிருந்து மேற்கே செல்லும்போது ஃபூஜி மலை வலப்பக்கம், அதாவது இரண்டு இருக்கை உள்ள பக்கம் தெரியும். சேர்ந்து உட்கார்வதா மலையைப் பார்ப்பதா என்பதை முன்பதிவின்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் 250 செ.மீ. வரையுள்ள பெட்டிகளுக்கு, டோக்கியோ–ஹக்காத்தா தடத்தில் பெட்டி வைக்கும் இடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். இது 2020 மே முதல் உள்ள விதி. முன்பதிவில் இதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் கொண்டுவந்தால் 1,000 யென் கட்ட வேண்டும். இத்தகைய இருக்கைகள் பெட்டிக்குச் சிலவே என்பதால் ஆறு பெரிய பெட்டிகளோடு செல்வது கடினம். ஊருக்கு ஊர் பெட்டிகளைத் தனியே அனுப்பும் சேவை ஜப்பான் முழுவதும் உண்டு.

பிற சலுகைகள்

தனிச் சீட்டு என்றால் முழுக் கட்டணம் என்று எண்ண வேண்டியதில்லை. ஸ்மார்ட் ஈஎக்ஸ் என்னும் செயலியில் டோக்கியோ–கியூஷு தடத்தின் சீட்டுகளை ஒரே பதிவில் ஆறு பேர் வரை வாங்கலாம். முன்கூட்டியே வாங்குவோருக்குச் சலுகைக் கட்டணங்கள் உண்டு. எல்லா நிலையங்களிலும் நிற்கும் கொடாமா வண்டிக்கு, ஒரு குளிர்பானச் சீட்டும் சேர்த்துத் தரும் புராட்டோ கொடாமா என்ற மலிவுச் சீட்டு உள்ளது. ஓய்வாகச் செல்வோர்க்கு அது ஏற்றது. எட்டு அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒன்றாகச் சென்றால் ஜேஆரின் குழுச் சலுகையைக் கேட்கலாம். தள்ளுபடி 10 முதல் 15 விழுக்காடு. அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமே. முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

பள்ளி விடுமுறைக் காலங்களில் சாதாரண ரயில்களுக்காக விற்கப்படும் செய்ஷுன் 18 சீட்டைக் குழுவாகப் பகிரலாம் என்று பழைய குறிப்புகள் கூறும். ஐந்து நாளுக்கான ஒரே சீட்டில் ஐந்து பேர் ஒரு நாள் செல்லும் வசதி அப்போது இருந்தது. 2024ஆம் ஆண்டின் குளிர்காலச் சீட்டு முதல் அது ஒருவரே தொடர்ந்த நாள்களில் பயன்படுத்துவதாக மாற்றப்பட்டுவிட்டது.

வாங்கும் முறை

பாஸை அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வாங்கினால் ஜப்பான் செல்லும் முன்பே இருக்கைகளையும் பதிவு செய்யலாம். முகவரிடம் வாங்கினால் கிடைப்பது பரிமாற்றச் சீட்டு. அதை மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் ஒரு ஜேஆர் நிலையத்தில் கொடுத்துப் பாஸாக மாற்றிய பிறகே இருக்கை பதிவு செய்ய முடியும். ஏப்ரல் இறுதியில் தொடங்கும் பொன் வாரம், ஆகஸ்ட் ஓபோன், ஆண்டிறுதி ஆகிய நாள்களில் ஆறு இருக்கைகளைச் சேர்த்துப் பெற இந்த வேறுபாடு போதுமான காரணம். அந்நாள்களில் நொசோமியில் முன்பதிவில்லாத பெட்டிகளே கிடையா.

மாற்றும்போது ஒவ்வொருவரின் கடவுச்சீட்டிலும் குறுகிய காலத் தங்கலுக்கான முத்திரையோ ஒட்டியோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விமான நிலையத்தில் தானியங்கி வாயில் வழியாக வருவோருக்கு அது இடப்படுவதில்லை; அத்தகையோர் அங்குள்ள அலுவலரிடம் கேட்டுப் பெற வேண்டும். பாஸ் தொலைந்தால் மறுபடி தரப்படாது என்பதால், பிள்ளைகளின் பாஸைப் பெரியவர் ஒருவரே வைத்திருந்து, ஒவ்வொரு வாயிலிலும் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது குடும்பங்கள் கையாளும் வழக்கம்.